இரண்டு காலஞ்சென்றவர்கள் தேவை

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஓக்லாந்தின் ஏவன்டேல் ரயில் நிலையத்தில் ஒரு பெண்மணி யசீகரனுக்காக அழுதுகொண்டிருந்தார். அது தனக்காகத்தான் என்று அவனுக்குத் தெரியாது. அழுகிறவரைப் பார்க்காதது போல் தாண்டிப் போவது மரியாதையா, நின்று விசாரிப்பது மரியாதையா என்று, லண்டனில் வளர்ந்தவனாகையால், ஒரு கணம் யோசித்தான். பிறகு வாய்க்குள் ஒரு மன்னிப்பைக் கேட்டுக்கொண்டே ஒதுங்கி நடந்தான்.

அந்தப் பெண்மணி திரும்பினார். இரண்டு வீடு தள்ளியிருக்கும் லோஜனா அக்கா. அவனைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டார்.

"ஐயோ தம்பி! உங்களுக்குத்தானே அழுதுகொண்டு நிக்கிறன்!"

"எனக்கோ? ஏன் அக்கா?"

"ஏனோ? நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டுதான்!"

அவர் காட்டிய இடத்தில் ஆளுயர விளம்பரப் பலகை இருந்தது. அதில் யசீகரனின் முகம். அலுவலக அடையாள அட்டைக்காக எடுத்த படம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எடுத்ததால் எதையோ துறந்தவன் போல இருந்தான். சுற்றிலும் மல்லிகைச் சரம். கீழே குத்துவிளக்கு. அதற்கும் கீழே தமிழில் எழுதியிருந்தது:

"யாழ். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், பிரித்தானியா ஹரோவை வதிவிடமாகவும் கொண்டவரும், காலஞ்சென்ற நவரத்தினம், புஷ்பவதி தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற பார்த்தீபனின் அன்புத் தம்பியுமான யசீகரன் அவர்கள், இன்று வெள்ளிக்கிழமை எமது மாதம் நாற்பது டொலர் தொலைபேசித் திட்டத்தில் இணைந்துகொண்டார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

லோஜனா அக்கா அவன் கையைக் கிள்ளிப் பார்த்தார்.

"குளிருதுதான். ஆனா உயிர் கிடக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பலகையைப் பார்த்தார். "அதை விடுங்கோ தம்பி. அண்ணாவும் போயிட்டாரோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

அப்போதுதான் யசீகரன் அந்தச் சொல்லைப் பார்த்தான். அண்ணன் பெயருக்கு முன்னால், ஆணி அடித்ததுபோல, காலஞ்சென்ற. தான் செத்தது அந்த நிமிடமே அவனுக்கு மறந்துபோனது. ரயில் வந்தது, கதவுகள் திறந்தன, மூடின, ரயில் போனது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அண்ணன் பார்த்தீபன் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். போர் முடிந்த இரண்டாயிரத்தொன்பது மே மாதத்துக்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. அவர் செத்ததைக் கண்டவர்களும் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று இலங்கையில் இரண்டு அலுவலகங்கள் ஆள் மூலம் சொல்லிவிட்டு, கடிதமும் எழுதின. அம்மா அந்தக் கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அப்பா லண்டன் ஹரோவில் இறந்தபோது, மரண அறிவித்தலை அம்மாவே உட்கார்ந்து எழுதினார். பிள்ளைகளின் வரிசையில் 'பார்த்தீபன் (இலங்கை), யசீகரன் (நியூசிலாந்து)' என்று போட்டார். உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, தேத்தண்ணிக்கு முன்னால், அம்மா மரண அறிவித்தல் இணையத்தளத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அந்த ஒரு பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுப்பை மூட்டுவார்.

யசீகரன் அடுத்த ரயிலில் ஏறினான்.

இங்கே கம்பனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு அமெரிக்க விளம்பரக் கம்பனி. தலைமையகம் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே அவர்களிடம் எல்லாம் இருந்தது. ஒரு பிரித்தானியக் குரல் மட்டும் இல்லை. லண்டனில் பிஸ்கட்டுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த யசீகரனைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அந்தக் குரலுக்காகவே வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாள் நேரில் பார்த்தபோது தலைவி மார்லீன் நான்கு விநாடி பேசாமல் இருந்தார். ஐந்தாவது விநாடியில் அவனைத் தென்னாசியப் பிரிவின் இயக்குநர் ஆக்கினார். பிரிவில் அவன் ஒருவன்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் அவன் இருந்த இரண்டு வருடமும் சுகமாக இல்லை. மன்னிக்கவும் என்று யாராவது சொன்னால் மேசையிலிருக்கும் மணியை அடிக்கவேண்டும் என்பது அங்கே விதி. மன்னிப்புக் கேட்பது படைப்பாற்றலைக் கொல்லுமாம். அவன் வந்த முதல் கிழமையே இரண்டு மணிகள் பழுதாகின. கோயில் மணி கேட்டாலும் திடுக்கிடுகிற நிலைமைக்கு வந்த பிறகு, அமெரிக்க விசா முடிந்து, ஓக்லாந்துக் கிளைக்கு அனுப்பப்பட்டான். இங்கேயும் அவனுடைய விசா கம்பனியின் பெயரில்தான் இருக்கிறது. வேலை போனால் விசாவும் போகும்.

ஆனால் கம்பனியில் யாரையும் வேலைநீக்கம் செய்வதில்லை. 'பிரபஞ்சத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்.' அப்படிக் கொடுக்கப்பட்டவரின் நாற்காலியில் ஒரு செடித்தொட்டியை வைப்பார்கள். ஓக்லாந்து அலுவலகத்தில் அப்போது பதினொரு மனிதர்களும் ஒன்பது செடிகளும் இருந்தன.

யசீகரன் உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிளை மேலாளர் கிரெய்க் கண்கள் பளபளக்க ஓடி வந்தார்.

"வாழ்த்துகள், நண்பா! காலையிலிருந்து நானூறு பேர் உன் பலகையைப் படம்பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். முந்நூற்றிருபது பேர் அழும் முகம் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பற்பசைக்கு ஒருவரும் அழுததில்லை."

"கிரெய்க், அவர்கள் நான் செத்துப்போனதாக நினைக்கிறார்கள்."

"ஆம். ஆழ்ந்த ஈடுபாடு."

யசீகரன் இதையெல்லாம் யார் செய்தது என்று கேட்டான். தகவல் ஆய்வாளர் ஸ்ருதி தன் இடத்திலிருந்து மெதுவாகக் கையைத் தூக்கினாள். கோயம்புத்தூர்க்காரி. இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"அண்ணா, நான் பண்ணலை. மேல இருந்து வந்தது. நான் சொன்னேன், இது இலங்கைக்காரங்க சாவுச் செய்தி மாதிரியே இருக்குன்னு. 'மாதிரி' இருக்கறதுதான் வேணும்ன்னுட்டாங்க."

நடந்தது இதுதான். உலகத் தமிழர்கள் இணையத்தில் எதை அதிகம் படிக்கிறார்கள் என்று தலைமையகம் ஒரு இயந்திரத்திடம் கேட்டது. இயந்திரம் மரண அறிவித்தல் என்றது. திறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் கடைசி வரி வரை வாசிக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இயந்திரம் அப்படி நாற்பதாயிரம் அறிவித்தல்களை விழுங்கி ஒரு வார்ப்பைத் துப்பியது. முகம், பூ, விளக்கு, பிறப்பிடம், வதிவிடம், உறவுமுறை. 'காலமானார்' என்ற வினைச்சொல் எதிர்மறையாக இருக்கிறது என்று அதை மட்டும் எடுத்துவிட்டுத் தொலைபேசித் திட்டத்தைப் போட்டார்கள். கலப்படமில்லாத உணர்ச்சி கிடைக்க வேண்டும் என்பதற்காக யசீகரனிடம் சொல்லவில்லை. அவன் முகத்தையும் குடும்பத்தையும் பயன்படுத்தலாம் என்று வேலையில் சேர்ந்த அன்று நாற்பத்திரண்டு பக்கங்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"அண்ணாவுக்கு முன்னால அந்தச் சொல்லு எப்பிடி வந்தது, ஸ்ருதி?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கம்பனியில் 'முழு மனிதப் படிவம்' என்று ஒன்று உண்டு. ஊழியர் தன் முழு மனதையும் வேலைக்குக் கொண்டுவரும்படி, குடும்பத்தவர் ஒவ்வொருவரையும் அதில் பதியவேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: உயிரோடு, காலமானவர், செல்லப்பிராணி. உயிரோடு என்றால் முகவரியும் தொலைபேசி எண்ணும் கட்டாயம். அண்ணனுக்கு யசீகரன் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தான்.

"காலியா விட்டா சிஸ்டமே காலமானவர்ன்னு எடுத்துக்கும் அண்ணா. இல்லன்னா செல்லப்பிராணின்னு போயிருக்கும்."

யசீகரன் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியில் ஒரு மணிபிளான்ட் இருந்தது.

"பலகை ஓக்லாந்தில மட்டும்தானே?"

ஸ்ருதி திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். பிறகு சொன்னாள்: "வெப்சைட்லயும் வருது. அதே சாவுச் செய்தி சைட்ல, காசு கட்டி முதலிடம். அறுபது வயசுக்கு மேல உள்ள பெண்கள் அதிகமாப் பாக்கற நேரத்துக்கு வெச்சிருக்காங்க. லண்டன் காலைல ஆறு மணி."

ஓக்லாந்தில் அப்போது ஒன்பதரை. லண்டனில் ஆறு என்பது இங்கே மாலை ஐந்து. ஏழரை மணி நேரம் இருந்தது.

பத்து மணிக்குத் தெற்கு ஓக்லாந்தின் பாபடோயிட்டோயிலிருந்து நான்கு பெரிய தட்டுகளில் மரக்கறிச் சாப்பாடு வந்தது. அங்குள்ள தமிழ்க் கடைக்காரர் செல்வராஜ் அனுப்பியிருந்தார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அவனுக்கு இங்கே வீட்டார் இல்லாதபடியால் அலுவலகத்துக்கு அனுப்பியதாக ஒரு துண்டு எழுதி வைத்திருந்தார். கிரெய்க் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். இது தினமும் வருமா என்று கேட்டார். காரியம் முடியும் முப்பத்தோராம் நாள் வரை வரலாம் என்று யசீகரன் சொன்னான். கிரெய்க் அதைக் குறித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு யசீகரன் திருத்தக் கோரிக்கை அனுப்பினான். பன்னிரண்டுக்குப் பதில் வந்தது: கோரிக்கை கிடைத்தது, அவனுடைய துணிச்சலுக்கு நன்றி. ஒரு மணிக்கு மறுபடி அனுப்பினான். அவனுடைய துணிச்சலுக்கு மறுபடி நன்றி வந்தது. இரண்டு மணிக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். குளியலறையில் போய் முகம் கழுவினான். அம்மாவை இப்போதே எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். ஆனால் அவர் இரவில் கைத்தொலைபேசியை நிறுத்திச் சமையலறையில் வைத்து, வீட்டுத் தொலைபேசியின் வயரையும் கழற்றிவிட்டுத்தான் படுப்பார். அதோடு, தான் சாகவில்லை என்று சொல்வது எளிது. அண்ணனைப் பற்றி என்ன சொல்வது? அச்சில் வந்துவிட்டது அம்மா, ஆனால் நம்பாதேங்கோ என்றா?

நான்கு மணிக்குத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் அவனைச் சந்திக்க ஒப்புக்கொண்டது. கூட்டம் நடந்த அறைக்குப் பெயர் 'பயம் தெரியாத அறை'. அதன் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். பெரிய திரையில் மார்லீனும் சட்டப் பிரிவு டெனிஸும் தோன்றினார்கள். அங்கே இரவு ஒன்பது. வெளியீட்டு நாளில் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. இங்கே கிரெய்க், ஸ்ருதி, யசீகரன்.

மார்லீன் கண்ணை மூடி, எல்லாரையும் ஒரு முறை மூச்சு விடச் சொன்னார். பிறகு பேசினார்.

"யசி, இன்று உன் வழியாக நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். மரணம்தான் உலகத்திலேயே மிக நேர்மையான பிராண்ட். அதை அறியாதவர் இல்லை. அதற்குப் போட்டியாளர் இல்லை. ஒருமுறை சேர்ந்தவர் விலகியதே இல்லை. நாங்கள் முப்பது வருடமாகச் செய்ய முயல்வதை உன்னுடைய மக்கள் மல்லிகைப் பூவோடு செய்துவிட்டார்கள். நான் அழுதேன். டெனிஸும் அழுதார்."

"கிட்டத்தட்ட" என்றார் டெனிஸ்.

"மன்னிக்கவும்," என்று தொடங்கிய யசீகரன், ஆறாயிரம் மைல் தூரத்தில் மணி அடிக்கும் சத்தம் கேட்டு நடுங்கி நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். "ஒரே ஒரு சொல்லை எடுக்கவேண்டும். என் அண்ணன் பெயருக்கு முன்னால் இருப்பதை. அவர் காணாமல் போனவர். காலமானவர் என்று எங்களுக்குத் தெரியாது."

"அவர் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம்," என்றார் டெனிஸ்.

"ஆதாரம் இல்லை."

"அப்படியானால் எப்படி எடுப்பது? நாங்கள் பொறுப்புள்ள நிறுவனம். ஒருவரை உயிரோடு இருப்பதாகப் போட்டு, பிறகு அவர் இல்லை என்றால்?"

"அவர் இறந்ததற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?"

"படிவம்."

"படிவத்தில் நான் ஒன்றும் எழுதவில்லையே."

"அதுதான் ஆதாரம்."

அம்மா பிரிக்காமல் வைத்த கடிதங்களுக்குள்ளும் இதைத்தான் எழுதியிருப்பார்களோ என்று அவனுக்குத் தோன்றியது. முழு விளம்பரத்தையும் நிறுத்த முடியாதா என்று கேட்டான். யாரும் கோபப்படவில்லை. மார்லீன் மிகுந்த அன்போடு அவனைப் பார்த்தார். கிரெய்க், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் அகலத்தைப் பார்த்தார்.

"அது மட்டுமில்லை யசி," என்றார் மார்லீன். "அந்தச் சொல் குறைந்தது இரண்டு தடவை வரவேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், வாசிப்பவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள். இரண்டு இருந்தால் கடைசிவரை இருக்கிறார்கள். ஒரு இழப்பு என்பது செய்தி. இரண்டு என்றால் குடும்பம்."

மணி நாலே முக்கால். அம்மா எழும்பியிருப்பார்.

ஸ்ருதி அவனைப் பார்க்காமல், திரையில் இருப்பவர்களுக்குப் புரியாத மொழியில், மேசையைப் பார்த்துச் சொன்னாள்: "டெம்ப்ளேட்டுக்கு ரெண்டு வேணும் அண்ணா. அது யாருன்னு டெம்ப்ளேட் கேக்காது."

யசீகரன் திரையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கேட்டான்: "அந்தச் சொல்லை என் பெயருக்கு முன்னால் மாற்றலாமா?"

"நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்," என்றார் டெனிஸ் சந்தேகத்தோடு.

"அதற்கு ஆதாரம் கேட்பீர்களா?"

டெனிஸ் சில பக்கங்களைப் புரட்டினார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. "இல்லை. மற்றவருடைய மரணத்தைப் பற்றி ஊகிக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் தன்னுடைய மரணத்துக்கு ஒருவர் தாராளமாக ஒப்புதல் தரலாம். உண்மையில், இந்தக் கம்பனியில் அதற்குத் தகுதியுள்ள ஒரே ஆள் நீங்கள்தான்."

மார்லீன் நெஞ்சில் கை வைத்தார். "துணிச்சல்," என்றார். "இதற்காகத்தான் நாங்கள் பிரித்தானியர்களை எடுக்கிறோம்."

படிவம் உடனே வந்தது. இந்த ஒன்று மட்டும் உடனே வந்தது. தலைப்பு 'தன்னிலை மாற்ற ஒப்புதல்'. விளம்பரம் ஓடும் எட்டு வாரமும் அவன் தன் நிலைக்கு முரணாகப் பொது இடங்களில் தோன்றக் கூடாது. குறிப்பாகப் பாபடோயிட்டோய்க் கடைகள், ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கோயில்கள். வீட்டிலிருந்து வேலை செய்யலாம். சம்பளம் உண்டு. யாராவது கண்டுவிட்டால், மறுக்கவும் கூடாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. கீழே மூன்று நிலைகள் இருந்தன. யசீகரன் நடுவிலிருந்ததைத் தொட்டான். விரல் ஈரமாக இருந்ததால் முதல் தடவை பதியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தித் தொட்டான்.

"எப்ப மாறும்?" என்று ஸ்ருதியிடம் கேட்டான்.

"மாறிடணும்," என்றாள். மாறிவிட்டது என்று சொல்லவில்லை.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஸ்ருதி கதவைப் பலமாகத் தட்டினாள்; வெளியே போன யாரோ திறந்துவிட்டார்கள். யசீகரன் வெளியே ஓடினான். படிக்கட்டில் நின்று அம்மாவுக்கு எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன தம்பி, இந்த நேரம்? ஏன் மூச்சு வாங்குது?"

"ஒண்டுமில்லை அம்மா. நான் நல்லா இருக்கிறன். உயிரோட இருக்கிறன்."

"நல்லா இருக்கிறவன் உப்பிடிச் சொல்லமாட்டான். என்ன நடந்தது, சொல்லு."

சொன்னான். பலகை, மல்லிகை, தொலைபேசித் திட்டம், இணையத்தளம், தான் செத்துப்போனது. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அம்மா ஒரு இடத்தில்தான் குறுக்கிட்டார்.

"அண்ணாவுக்கு என்ன போட்டிருக்கு?"

"ஒண்டும் போடேல்லை அம்மா. வெறும் பேர்தான்."

"நீ பார்த்தனியோ?"

அவன் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. வாயைத் திறந்தான், பொய் வரவில்லை.

"பொறு," என்றார் அம்மா. "ஆறு மணியாச்சு. கண்ணாடியைப் போடுறன்."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அம்மா வாசிப்பது கேட்டது. அவர் எப்போதும் இப்படித்தான் வாசிப்பார். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து எடுத்து வைப்பது போல. கரவெட்டி சரி. ஹரோ சரி. யசீகரன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"காலஞ்சென்ற..." அம்மா நின்றார்.

"...நவரத்தினம். அது அப்பா. சரி. புஷ்பவதி தம்பதிகளின் அன்பு மகனும்..."

அடுத்த சொல்லுக்கு முன்னால் நீண்ட அமைதி. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று யசீகரன் தொலைபேசியைப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

"பார்த்தீபனின் அன்புத் தம்பியுமான," என்றார் அம்மா. இன்னொரு தடவை வாசித்தார். "பார்த்தீபனின் அன்புத் தம்பியுமான, காலஞ்சென்ற யசீகரன் அவர்கள்."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று அம்மாவுக்குக் கேட்டிருக்கும். மூக்கை உறிஞ்சும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது. அதற்குள் அங்கே வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"உது சித்தியாத்தான் இருக்கும். அவவும் ஆறு மணிக்குத்தான் பார்க்கிறவ," என்றார் அம்மா. "இனி எல்லாரும் அடிக்கப் போகினம்."

"நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ அம்மா. நம்பமாட்டினம். ஒப்பாரி வைப்பினம். உங்களுக்கு விசர் எண்டு கூடச் சொல்லுவினம். எண்டாலும் சொல்லுங்கோ."

"சொல்லுறன் தம்பி," என்றார் அம்மா. "பதினாறு வருசமா அதைத்தானே சொல்லிக்கொண்டு இருக்கிறன்."